குளிரைச் சுமப்பவர்கள்

குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகளில் பெரும்பாலானவை 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்குக் கூடாமலும் இருந்தாக வேண்டும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து குழந்தையின் தொடையில் ஏறும் நிமிடம்வரை இதுதான் விதி. வழியில் எங்காவது வெயில் பட்டாலும், உறைந்துபோனாலும், ஊசி போட்டும் போடாத கதைதான். இந்த நெடும் ஏற்பாட்டைக் குளிர்பதனச் சங்கிலி என்கிறார்கள். இந்தச் சங்கிலியைச் சூரிய ஆற்றலுக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் வலுத்திருக்கிறது. டீசல் ஜெனரேட்டர் வேண்டாம், நிலக்கரி மின்சாரம் வேண்டாம், பூமியைச் சூடாக்கும் குளிரூட்டி வாயு வேண்டாம் என்கிறார்கள். நல்ல பேச்சுதான்.

எனக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சங்கிலியில் டீசலிலும் நிலக்கரியிலும் சேராத இன்னோர் ஆற்றல் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது பெண்களின் உழைப்பு. அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதை எழுதாமலே ஓர் ஏற்பாட்டுக்கு ‘நீடித்து நிலைப்பது’ என்று பெயர் சூட்டுவது நியாயமா?

நான் இருப்பது ராஜபாளையம். பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலை, கிழக்கே கரிசல். சித்திரை வெயிலில் மோட்டார் ரூமுக்குள் வைத்த தண்ணீர்கூடக் கொதிக்கும். கெட்டுப்போகும் பொருளைக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு இந்த ஊர்களிடம் பழைய பதில் ஒன்று உண்டு. கறந்த பாலைக் குளிரவைக்க வழியில்லாத காலத்தில் அதை அடுப்பிலேற்றிக் கிண்டிக் கிண்டிப் பால்கோவாவாக்கினார்கள். அந்தப் பதிலுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் மாட்டுக்குப் புல்லறுத்து, தண்ணி காட்டி, சாணி அள்ளி, பால் கறந்து ஊற்றிய பெண்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து இந்தியா முழுவதும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி போகிறது. காயத்தின்மேல் கட்டும் துணியை எந்தக் கை நெய்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை. குளிர்பதனச் சங்கிலியில் அது இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சென்னைக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்கு, அங்கிருந்து மாவட்டக் கிடங்கு, பிறகு ஆரம்ப சுகாதார நிலையம் என்று மருந்து இறங்கி வருகிறது. இதுவரை எல்லாம் இயந்திரம், வண்டி, டிரைவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். எனப்படும் பெட்டி இருக்கும். சுவர்களுக்குள் பனிக்கட்டி அடுக்கு கொண்ட குளிர்சாதனப் பெட்டி அது. நாளில் எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தால்கூட மருந்தைக் காப்பாற்றிவிடும். அதற்குப் பிறகுதான் சங்கிலியின் கடைசிக் கண்ணி தொடங்குகிறது. நான்கு ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டி, அதைக் கொண்டுபோகும் ஆள், அதைத் திறந்து ஊசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர். அவர் எப்போதும் பெண். அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அந்த 5,000 பேரின் கர்ப்பம், பிரசவம், குழந்தை, ஊசி, கருத்தடை எல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும்.

என் சித்தி அப்படி இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பென்டாவேலன்ட் போன்ற மருந்து உறைந்தால் வீரியம் போய்விடும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, அது வியர்த்து, லேசாக இளகிய பிறகே பெட்டிக்குள் அடுக்க வேண்டும். சித்தி அதைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சலசலத்தால் சரி. “மீட்டர் எதுவும் கெடையாதா சித்தி?” என்று கேட்டேன். “காது இருக்குல்ல” என்றார்.

வேலையைப் பிரித்துப் பெயரிடுவதில் அரசியல் இருக்கிறது என்று பெண்ணியச் சிந்தனை நமக்குச் சொல்லித்தந்திருக்கிறது. அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் ஜோன் ட்ரோன்டோ 1993-இல் எழுதிய நூலில் பராமரிப்பை நான்கு படிகளாகப் பிரித்தார்: அக்கறை கொள்வது, பொறுப்பேற்பது, நேரடியாகப் பராமரிப்பது, பராமரிப்பைப் பெறுவது. அதிகாரம் உள்ளவர்கள் பொறுப்பேற்கிறார்கள். அதிகாரம் இல்லாதவர்கள் கையால் செய்கிறார்கள். திட்டத்தைத் தொடங்கிவைப்பவரின் படம் சுவரில் இருக்கும். ஐஸ் பேக்கை ஆட்டிப்பார்க்கும் காதுக்குப் படம் கிடையாது. ஆனால் தவறு நடந்தால் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடும். பொறுப்பு சரசரவென்று கீழே இறங்கி, கையால் செய்தவளிடம் வந்து நிற்கும்.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இருக்காது. மில்கள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டின. காற்றாலை வைத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் சமாளித்தார்கள். சுகாதார நிலையங்களில் ஐ.எல்.ஆரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது விதி. எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் அப்போது வேலை பார்த்த ஒரு நர்ஸ், வீட்டுக்குப் போன பிறகும் தெருவிளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார். “கரண்டு எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. மருந்து கெட்டுப்போச்சுன்னா யார்ட்ட கேக்கணும்ங்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.” மின்சாரம் அவர் கையில் இல்லை. டீசல் வாங்கும் பணம் அவர் கையில் இல்லை. கையெழுத்து மட்டும் அவருடையது. அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் தருவதை அறம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சங்கிலியின் மறுமுனையில் இன்னொருத்தி நிற்கிறாள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு, கிராமத்துக்குச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போட வேண்டும் என்று தமிழக அரசு மாற்றியது. பின்னாளில் அந்த ஏற்பாடு தளர்ந்தது. குழந்தைகளின் உயிரை முன்னிட்டு எடுத்த முடிவு அது. அதைக் குறை சொல்வது சுலபம் என்பதால் நான் சொல்லப்போவதில்லை. அதன் விளைவை மட்டும் பார்ப்போம். மருந்து பயணிக்கும் தூரம் குறைந்தது. குளிர்பதனம் ஒரே இடத்தில் நின்றது, கண்காணிப்பு எளிதாயிற்று. ஆனால் கிராமத்துக்கும் நிலையத்துக்கும் நடுவிலிருந்த தூரம் எங்கும் போய்விடவில்லை. அதைக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் நடந்தார்கள், பஸ் ஏறினார்கள். தடுப்பூசி போடும் புதன்கிழமை, தறிக்காரிக்கும் தீப்பெட்டி ஒட்டுபவளுக்கும் கூலி போன நாள் ஆனது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் பெற்ற குழந்தைகளின் விழுக்காடு 2005-06-இல் சுமார் 81. பத்தாண்டு கழித்து 2015-16-இல் அது சுமார் 70 ஆகச் சரிந்தது. 2019-21-இல் 89 ஆக ஏறியது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. தூரத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியாது. இயந்திரத்தின் வசதிக்காகச் சங்கிலியைச் சுருக்கினால், மிச்சம் விழுந்த தூரத்தை யாரோ ஒரு பெண் தன் காலால் நிரப்புகிறாள். இதைத்தான் நான் கணக்கில் வராத ஆற்றல் என்கிறேன்.

இப்போது சூரியனுக்கு வருவோம். சூரிய மின்சாரத்தில் ஓடிய முதற்கால மருந்துப் பெட்டிகள் பேட்டரியை நம்பியிருந்தன. சில வருஷத்தில் பேட்டரி செத்துவிடும். மாற்றப் பணம் வராது. பெட்டி ஓரமாகத் தூங்கும். இப்போது வந்திருக்கும் வகையில் பேட்டரியே இல்லை. பகல் வெயிலில் தகடு தரும் மின்சாரம் பெட்டிக்குள் பனிக்கட்டியை உறையவைக்கும். இரவிலும் மழைநாளிலும் அந்தப் பனிக்கட்டியே குளிரைக் காக்கும். வெயிலே இல்லாவிட்டாலும் குறைந்தது மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை. வருஷத்தில் பெரும்பகுதி வெயில் காயும் எங்கள் பக்கத்துக்கு இது பொருத்தமான கருவிதான்.

ஆனால் இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், கரிய வாயுவைக் குறைப்பதற்காக என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உலகின் கரிய வாயு வெளியேற்றத்தில் மருத்துவத்துறையின் பங்கு சுமார் 4.4 விழுக்காடு என்று 2019-இல் வெளியான ஓர் அறிக்கை கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளுடையது. முழுக்க ஏசி போட்ட நகரத்து மருத்துவமனை ஒரு நாளில் எரிக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால், கிராமத்து ஐ.எல்.ஆர். என்பது திருவிழாக் கடையில் ஒரு குண்டு பல்பு. குறைவாக எரித்தவளிடம் முதலில் சிக்கனம் கேட்பது நம் வீடுகளில் நடப்பதுதான். கடைசியாகச் சாப்பிடுபவளிடம் சோற்றை மிச்சம்பிடிக்கச் சொல்வோம்.

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். திறக்கப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகின் மிகப் பெரியது என்று கொண்டாடினார்கள். தகட்டைத் துடைக்க ரோபோ உண்டு. அந்த அளவுக்குச் சூரியனை அறுவடை செய்யத் தெரிந்த நிலத்தில், பிரசவ அறைக்கு வெளிச்சம் ஒரு கோரிக்கையாக இருக்கக் கூடாது. குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் கிட்டத்தட்ட நூறு கோடிப் பேர் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரமே இல்லை அல்லது நிலையாக இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அறிக்கை. ஆகவே சூரியத் தகட்டை நான் வேறொரு காரணத்துக்காக வரவேற்கிறேன். கையெழுத்துப் போடும் பெண்ணின் கூரைமேலேயே மின்சாரம் பிறக்கும்போது, பொறுப்புக்குத் துணையாகக் கொஞ்சம் அதிகாரமும் அவளிடம் வந்துசேரும். அந்த வாய்ப்புதான் முக்கியம். அது தானாக நடக்காது என்பதுதான் சிக்கல்.

முதல் சிக்கல், தகடு யாருக்கு என்பது. தடுப்பூசிப் பெட்டிக்கென்று பொருத்தப்படும் தகடு அந்தப் பெட்டிக்கு மட்டுமே மின்சாரம் தரும்படி அமைவது வழக்கம். பனிக்கட்டி உறைந்து முடிந்த பிறகு மிஞ்சும் மின்சாரம் வீணாகும். அதே கட்டடத்தில் பிரசவ அறை இருட்டிக் கிடக்கலாம். மிச்ச மின்சாரத்தை விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் திருப்பிவிடும் கருவிகள் இப்போது இருக்கின்றன. அதை வாங்குவதா வேண்டாமா என்பது ஒரு வரி முடிவு. அந்த வரியை எழுதும் மேசையில் பிரசவம் பார்க்கும் பெண் உட்கார்ந்திருக்கிறாளா?

குளிர்ப்பெட்டிக்குள் எதற்கு இடம் என்பதிலும் இதே பாரபட்சம் உண்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துதான். தடுப்பூசிப் பெட்டியில் தடுப்பூசி தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்ற கண்டிப்பால், பல நாடுகளில் அது வெளியே, அலமாரியில், வெக்கையில் கிடந்தது. குழந்தையின் மருந்துக்கு ஒரு சங்கிலி, தாயின் மருந்துக்கு ஒரு மரத்தட்டு. நல்லெண்ணத்தில் எழுதிய விதியே தாயை வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது சிக்கல், தகட்டைத் துடைப்பது யார் என்பது. கரிசல் புழுதி ஒரே வாரத்தில் தகட்டை மூடிவிடும். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் என்றால் குரங்கு வேறு. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில் துடைப்பமும் வாளியும் யார் கைக்கு வரும் என்று ஊகிக்கப் படிப்பு தேவையில்லை. ஏற்கெனவே கர்ப்பிணிகளின் விவரத்தைப் ‘பிக்மீ’யில் ஏற்றி, வீடு வீடாக அலைந்து, ஊசியும் போடுகிறவர், இனி ஏணியும் ஏற வேண்டும். அல்லது தொகுப்பூதியத்தில் கூட்டிப் பெருக்கும் பெண் ஏறுவார். அவருடைய சாதி என்னவாக இருக்கும் என்பதையும் நாம் ஊகித்துவிடலாம். பழுதுபார்க்கும் மெக்கானிக் வேலை மட்டும் ஆணுக்குப் போகும். அதற்குப் பயிற்சி உண்டு, பயணப்படி உண்டு, மரியாதை உண்டு.

பெண்கள் இயற்கைக்கு நெருக்கமானவர்கள், பூமியைப் பேணுவது அவர்கள் சுபாவம் என்று சொல்லி இதை அழகாக்கிவிடுவார்கள். பெண்களுக்கும் இயற்கைக்குமான உறவு சுபாவத்தால் வருவதில்லை, யார் என்ன வேலை செய்கிறார்கள், யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதால் வருகிறது என்று பொருளாதார அறிஞர் பினா அகர்வால் 1992-லேயே வாதிட்டார். அதைச் சூரியத் தகட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ராஜஸ்தானின் திலோனியாவிலுள்ள பேர்ஃபுட் காலேஜ், பள்ளிக்கூட வாசலையே காணாத கிராமத்துப் பெண்களைச் சூரிய மின்சாரப் பொறியாளர்களாகப் பயிற்றுவித்துக் காட்டியிருக்கிறது. பல நாடுகளிலிருந்து பாட்டிகள் வந்து கற்றுப் போயிருக்கிறார்கள். ஐஸ் பேக்கின் சத்தத்தைப் படிக்கத் தெரிந்த காதுக்கு ஒயரின் நிறத்தைப் படிக்க வராதா? துடைப்பம் தருவதா, ஸ்க்ரூடிரைவர் தருவதா என்பது தொழில்நுட்பக் கேள்வி ஆகாது.

மூன்றாவது சிக்கல் இன்னும் அடிப்படையானது. இவ்வளவு குளிர் தேவைதானா? கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நிலவும் வெப்பநிலையை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் இன்சுலினைச் சோதித்தன. 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டிலும் நான்கு வாரம் மருந்து கெடவில்லை என்று 2021-இல் அறிவித்தன. எங்கள் தெருவில் பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் பெண்கள் இன்சுலின் குப்பியை மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதை அறியாமை என்று எண்ணியவர்கள் உண்டு. அதேபோல, சூடு தாங்கும் கார்பெட்டோசின் என்ற மருந்து ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்ஸிடோசினுக்குக் குறைந்ததில்லை என்று கிட்டத்தட்ட 30,000 பெண்கள் பங்கேற்ற ஆய்வின் வழியாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. பிரசவத்தில் பெண்கள் ரத்தம் போய்ச் சாவது அன்றைக்குத்தான் தெரியவந்த செய்தியா? பிரிட்ஜ் உள்ளவர்களை மனத்தில் வைத்து மருந்து செய்தவர்களுக்கு, பிரிட்ஜ் இல்லாதவர்கள் ஞாபகம் வர அத்தனை காலமாயிற்று. குளிர் தேவைப்படாத மருந்தைவிடச் சிக்கனமான ஆற்றல் வேறில்லை.

இதெல்லாம் பேரிடர் நாளில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து நிவாரண வண்டிகள் போயின. அரிசி, பிரெட், போர்வை, நாப்கின் ஏற்றினோம். அம்மாவுக்கு இன்சுலின் கிடைக்குமா என்று கேட்டு வந்த ஒரு பெண்ணின் போனுக்கு அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. அறுந்த கம்பியை நம்பியிராத ஒரு கூரை, வெள்ளம் சூழ்ந்த ஊருக்குள்ளேயே இருந்திருந்தால் அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கும். மாற்று ஆற்றலின் அறம் எனக்கு அங்கேதான் புலப்படுகிறது. தூரத்திலிருந்து வர வேண்டிய உதவியை அது ஊருக்குள்ளேயே வைக்கிறது.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. இதுவும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. இதுவும் நீலப் பெட்டியில்தான் வரும். பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு எட்டிவிடும். மில்லுக்குப் போய்விட்ட பதினான்கு வயதுக்காரியைத் தேடிப் போக யாராவது நடக்க வேண்டும்.

ஐ.எல்.ஆருக்குப் பக்கத்தில் தொங்கும் பதிவேட்டில் காலை வெப்பநிலை, மாலை வெப்பநிலை, மின்தடை நேரம், கையெழுத்து என்று கட்டங்கள் உண்டு. சூரியத் தகடு வந்த பிறகு மின்தடைக் கட்டம் காலியாகவே இருக்கும் என்று நம்புவோம். ஒவ்வொரு நிலையத்திலும் அத்தோடு இன்னும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லி நாம் கேட்கலாம். இந்த வாரம் மருந்துக்காக யார் எவ்வளவு தூரம் நடந்தார்கள்? அதற்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது? நேற்று இரவு பிரசவ அறையில் விளக்கு எரிந்ததா? இந்தக் கட்டங்களில் எழுதப்படும் எண் வருஷாவருஷம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்த ஏற்பாட்டுக்குப் பசுமை என்று பெயர் வைப்போம்.